பெயர் பெறாத குற்றம்: ஆண் சிறுவர் மீதான பாலியல் வன்முறையும் இலங்கைச் சட்டமும்

வரலாற்று மாணவன் ஆவணங்களை நம்பி வாழ்பவன். காணிச் சண்டைக்கு உறுதி இருக்கும். களவுக்குப் பொலிஸ் முறைப்பாடு இருக்கும். கொலைக்கு மரண விசாரணை அறிக்கை இருக்கும். ஆனால் ஒரு குற்றத்துக்குப் பெயரே இல்லையெனில் அதற்குரிய கோவையும் இருக்காது. கோவை இல்லாதவிடத்து, பின்வரும் தலைமுறையினர் அக்குற்றம் நிகழவேயில்லை என்று முடிவு செய்துவிடுகின்றனர். ஆண் சிறுவர் மீது இழைக்கப்படும் பாலியல் வன்முறை நம் நாட்டில் நெடுங்காலம் இந்நிலையிலேயே இருந்துவந்துள்ளது. இது பற்றி எழுதவுள்ளேன் என நான் கூறியபோது நண்பர் சிலர் நகைத்தனர். பெண் பிள்ளைகளைப் பற்றிக் கூறியிருப்பின் அவர்கள் நகைத்திருக்கமாட்டார்கள். அந்த நகைப்பும் ஆராயப்பட வேண்டிய சான்றுகளுள் ஒன்றென்றே எனக்குத் தோன்றியது.

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தொடக்கம் 1990 களின் இறுதியில் நிகழ்ந்த சட்டத் திருத்தங்கள் வரையான காலப்பகுதியை இக்கட்டுரை நோக்குகின்றது. சட்ட நுணுக்கங்களை விளக்குவது இதன் நோக்கமன்று. சட்டமும் சமூகமும் இவ்விடயத்துக்கு எச்சொற்களை வழங்கின, அச்சொற்கள் யாரைக் காத்தன, யாரைக் கைவிட்டன என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா.

1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக நிறைவேறிய நமது தண்டனைச் சட்டக்கோவை, மெக்கோலேயின் வரைவிலிருந்து உருவான 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையைப் பெரிதும் தழுவியது. அதன் 363 ஆம் பிரிவு வன்புணர்ச்சியை வரையறுக்கின்றது. ஓர் ஆண் ஒரு பெண்ணுடன் குறித்த சூழ்நிலைகளில் கொள்ளும் உறவே அவ்வரையறைக்குள் அடங்கும். ஆண் சிறுவன் அதனுள் வரவில்லை. அவனுக்கு நேர்ந்தது 365 ஆம் பிரிவின் கீழ், “இயற்கை ஒழுங்குக்கு மாறான” செயல் என்ற தலைப்பில் சென்று சேர்ந்தது. ஆண், பெண், விலங்கு ஆகிய மூவகையினரும் அப்பிரிவில் ஒரே வாக்கியத்தில் நிறுத்தப்பட்டனர்.

இவ்வேறுபாடு வெறும் வகைப்படுத்தல் பற்றியதன்று. 363 ஆம் பிரிவு கேட்கும் வினா, அவள் இணங்கினாளா, அவளது வயது என்ன என்பதாகும். அங்கு ஒரு பாதிக்கப்பட்டவர் இருக்கின்றார். 365 ஆம் பிரிவிலோ இணக்கம் பற்றிய வினாவே இல்லை. குற்றம் செய்யப்பட்டது ஒரு மனிதனுக்கு எதிராக என்பதைவிட, இயற்கைக்கு எதிராக என்பதே அதன் கருத்து. இயற்கை நீதிமன்றுக்கு வந்து சாட்சி சொல்வதில்லை. சிறுவன் அங்கு எந்த இடத்தில் நிற்பான்? இணங்கியவன் எனக் கருதப்பட்டால், அவன் குற்றத்துக்கு உடந்தையானவன் ஆகிவிடுகின்றான். 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டமோ, உடந்தையானவனின் சாட்சியம் வேறு சான்றினால் உறுதிப்படுத்தப்படாவிடத்து நம்பத்தகாதது என நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கின்றது. மறைவிடத்தில் நிகழும் செயலுக்கு வேறு சான்றை எங்கே தேடுவது? குற்றப்பொறுப்பு வயது பற்றி 75 ஆம், 76 ஆம் பிரிவுகள் கூறியவற்றையும் சேர்த்து நோக்கின் நிலைமை மேலும் தெளிவாகும். 8 வயதுக்கு உட்பட்டவன் குற்றமிழைக்க இயலாதவன். 8 க்கும் 12 க்கும் இடைப்பட்டவன் தன் செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சியற்றவனாயின் மாத்திரமே விலக்குப் பெறுவான். (இவ்வயதெல்லைகள் 2018 ஆம் ஆண்டிலேயே உயர்த்தப்பட்டன.) எனவே 13 வயதுச் சிறுவன் ஒருவன் பொலிஸ் நிலையத்துக்குச் செல்வதாயின், முறைப்பாட்டாளனாகச் சென்று சந்தேகநபராகத் திரும்பும் அபாயத்தையும் உடன்கொண்டே செல்ல வேண்டியிருந்தது.

ஆண்களுக்கிடையிலான “அநாகரிகச் செயல்களை” தண்டிக்கும் 365ஏ பிரிவு பின்னர் சேர்க்கப்பட்டது. இதன் மூலம் இங்கிலாந்தின் 1885 ஆம் ஆண்டுச் சட்டமாகும். அச்சட்டத்தின் வரலாறு சிந்தனைக்குரியது. சிறுமியர் விற்பனை பற்றிப் பத்திரிகையாளர் ஸ்ரெட் எழுப்பிய பெருங் கிளர்ச்சியின் விளைவாகவே அது நிறைவேறியது. பெண் பிள்ளைகளின் இணக்க வயதை 13 இலிருந்து 16 ஆக அது உயர்த்தியது. ஆண் பிள்ளைகளுக்கு அவ்வாறான வயதுக் காப்பு எதுவும் வழங்கப்படவில்லை. அதற்குப் பதிலாக, வயதுவந்த ஆண்களின் இணக்கமான உறவையும் தண்டிக்கும் லபூஷேர் திருத்தம் அதிலே புகுத்தப்பட்டது. ஒருபாலுறவு வேறு, சிறுவன் மீது வளர்ந்தவன் செலுத்தும் வன்முறை வேறு. இரண்டையும் ஒரே இழிசொல்லின் கீழ்க் கொணர்ந்ததன் பயன், தனக்கு நேர்ந்ததைக் கூறும் சிறுவனும் அவ்விழிசொல்லைத் தன் மேல் ஏற்றுக்கொள்ள வேண்டியவனாயினான். அவன் வாய் திறவாமைக்கு இதனைவிடச் சிறந்த பூட்டு வேண்டியதில்லை.

தமிழில் நிலைமை இன்னும் இறுக்கமானது. அண்மைக்காலம் வரை நமது பத்திரிகைகளும் நீதிமன்ற மொழிபெயர்ப்புகளும் வழங்கிவந்த சொல் “கற்பழிப்பு” என்பதாகும். அச்சொல் குற்றத்தைச் செய்தவனின் செயலைக் குறிப்பதற்கு மாறாக, பாதிக்கப்பட்டவளிடமிருந்து எது போயிற்று என்று கணக்கிடுகின்றது. கற்பு என்பது நம் மரபிலே பெண்ணுக்குரியதாக வகுக்கப்பட்ட உடைமை. ஆணுக்கு அவ்வுடைமை இல்லை. ஆகவே அவனிடமிருந்து அழிப்பதற்கும் எதுவுமில்லை. இலக்கணமே அவனைப் பாதிக்கப்பட்டோர் வரிசையிலிருந்து நீக்கிவிடுகின்றது. வட பகுதியில் “குமர் இருக்கிற வீடு” என்று சொல்லும்போது அதிலுள்ள அச்சத்தை நாம் அறிவோம். மாலை ஆறு மணிக்குப் பின் ரியூசன் வகுப்பிலிருந்து தங்கையை அழைத்துவர அண்ணன் அனுப்பப்படுகின்றான். அந்த அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கலாம். அவனை அழைத்துவர எவரும் செல்வதில்லை. “ஆம்பிளைப் பிள்ளைதானே” என்ற ஒரு வாக்கியம் போதுமானதாக இருக்கின்றது. கோயில் திருவிழாக் காலங்களில் வெளிவீதி மணலிலே இரவிரவாகப் படுத்துறங்குவோரும் ஆண் பிள்ளைகளே.

மலையகத்தை நோக்குமிடத்து இக்காப்பின்மை வறுமையோடு பிணைந்து வருகின்றது. தோட்டத்து லயங்களிலிருந்து கொழும்பின் வீடுகளுக்கும், புறக்கோட்டைக் கடைகளுக்கும், சாப்பாட்டுக் கடைகளுக்கும் வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுவர்கள் பகலில் வேலை செய்த அதே இடத்திலே இரவில் உறங்கினர். அருகில் உறங்கியோர் வளர்ந்த ஆண்கள். பெற்றோர் வருடத்தில் ஒருமுறை, தீபாவளிக்கு, பிள்ளையைக் காண்பர். இச்சிறுவர்களின் உழைப்புப் பற்றியும், அவர்கள் பட்ட அடி பற்றியும் நாவலும் சிறுகதையும் எழுதப்பட்டுள்ளன. இரவைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது.

இந்நாட்டில் ஆண் சிறுவர் மீதான பாலியல் சுரண்டல் முதன்முதலாகப் பொதுப் பேச்சுக்கு வந்தது வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ அன்று, கடற்கரையிலிருந்தாகும். 1966 ஆம் ஆண்டில் இலங்கை உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்டபோது அவ்வாண்டு வந்த பயணிகள் 18,969 பேர். 1982 இல் அத்தொகை 407,230 ஆயிற்று. பதினாறு ஆண்டுகளில் இருபது மடங்குக்கும் மேற்பட்ட இவ்வளர்ச்சியின் பெரும்பகுதி நீர்கொழும்பிலிருந்து பேருவளை, பெந்தோட்டை, ஹிக்கடுவை வரையான ஒடுங்கிய கரையோரத்திலேயே இறங்கியது. அங்கு வாழ்ந்தோர் மீன்பிடித்தும், கயிறு திரித்தும், முருகைக்கல் எடுத்துச் சுண்ணாம்பு சுட்டும் பிழைத்தவர்கள். சிப்பி விற்கவும் வழிகாட்டவும் சென்ற சிறுவன் ஒரு நாளிற் பெற்ற பணம் தகப்பனின் ஒரு கிழமை உழைப்பைவிட அதிகமாயிருக்கலாம். இவ்வேறுபாட்டைத் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்த வந்த ஐரோப்பியர் இருந்தனர். இலங்கையில் ஆண் சிறுவர்கள் எளிதிற் கிடைப்பர் என மறைமுகமாக உணர்த்தும் வழிகாட்டிகளும் மேற்கு நாடுகளில் அச்சாகி விற்பனையாயின.

இச்சுரண்டலின் இயங்குமுறையை அறிவது தடுப்புக்கு இன்றியமையாதது. அது பெரும்பாலும் பலாத்காரத்துடன் தொடங்கவில்லை. முதலில் நட்பு, பின்னர் உடை, கைக்கடிகாரம், துவிச்சக்கர வண்டி, பின்னர் குடும்பத்தின் அறிமுகம். வீட்டுக்குக் கூரை போடப்படும். தங்கையின் படிப்புக்கு உதவி வரும். “மாமா” என்று அழைக்கப்படும் வெள்ளைக்காரர் வீட்டிலே உணவருந்துவார். இந்நிலையில் சிறுவன் பேசுவானாயின், அவன் ஒருவனின் முகத்திரையைக் கிழிப்பதோடு நில்லாது தன் குடும்பத்தின் கூரையையும் கழற்றுகின்றான். ஏழைக் குடும்பம் அறிந்தே விற்றது என்று எளிதாகத் தீர்ப்புக் கூறுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அறிதலுக்கும் அறியாமைக்கும் இடையே, கேள்வி கேட்க விரும்பாத ஒரு நிலை உண்டு. வறுமை அந்நிலையை நீடிக்கச் செய்கின்றது.

1980 இல் தெர் தே ஸொம் என்னும் சிறுவர் உதவி நிறுவனத்துக்காக ரிம் பொண்ட் என்பவர் இவ்விடயம் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். இப்பிரச்சினையை நேரடியாக ஆராய்ந்த முன்னோடி ஆவணங்களுள் அது ஒன்று. ஆயினும் அதன் தலைப்பிலேயே “ஆண் சிறுவர் விபசாரம்” என்ற சொல் காணப்படுகின்றது. அக்கால வழக்கு அதுவே. எழுதியவரின் நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் விபசாரம் என்ற சொல் இருவரிடையே நடக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலைக் குறிப்பது. பன்னிரண்டு வயதுச் சிறுவனை அது வியாபாரி ஆக்கிவிடுகின்றது. பொலிஸாரும் அவ்வாறே கண்டனர். 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் அவர்கள் கையில் இருந்தது. 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பராமரிப்புத் தேவைப்படுவோர் என்ற பெயரிலே பிள்ளைகளை நன்னடத்தைப் பாடசாலைக்கு அனுப்பவும் வழியிருந்தது. வெளிநாட்டவர் விமானம் ஏறினார். சிறுவன் விடுதிக்குச் சென்றான்.

விடுதி காப்பிடமாக அமையும் என்பதும் உறுதியன்று. அயர்லாந்தின் அனுபவம் இதனை உணர்த்தும். கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்திய கைத்தொழிற் பாடசாலைகள் முதலிய நிறுவனங்களை விசாரித்த ஆணைக்குழு 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, ஆண் பிள்ளைகளுக்கான நிறுவனங்களிற் பாலியல் துஷ்பிரயோகம் வேரூன்றிய வழமையாகவே இருந்தது எனக் கண்டது. அரசாங்கமே அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். முறைப்பாடுகள் வந்தபோது குற்றவாளி வேறொரு பாடசாலைக்கு மாற்றப்பட்டார். நிறுவனத்தின் நற்பெயர் பிள்ளையின் உடலைவிடப் பெறுமதியுடையதாகக் கருதப்பட்டது. நம் நாட்டிலும் மதம், கல்வி, விளையாட்டு ஆகியவற்றின் பெயரால் சிறுவர்களை ஒன்றுசேர்த்து வைத்திருக்கும் எந்த இடத்துக்கும் இக்கேள்வி பொருந்தும்.

1990 கள் ஒரு திருப்பமாக அமைந்தன. அதற்குக் காரணங்கள் பல. 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும், ஆண் பெண் என்ற பேதமின்றி, சிறுவர் என வரையறுத்தது. அதன் 34 ஆம் உறுப்புரை பாலியற் சுரண்டலிலிருந்து அவர்களைக் காக்கும் பொறுப்பை அரசுகள் மீது சுமத்தியது. இலங்கை 1991 இல் அதனை ஏற்று உறுதிசெய்தது. ஆசியச் சுற்றுலாவில் சிறுவர் சுரண்டப்படுவதற்கு எதிராக 1990 இல் தாய்லாந்திலிருந்து தொடங்கிய எக்பாட் இயக்கத்தில் இலங்கை ஆரம்பத்திலேயே இணைந்தது. அதே காலப்பகுதியில் பத்திரிகையாளரும் எழுத்தாளருமான மொரீன் செனவிரத்ன பீஸ் என்னும் அமைப்பின் மூலம் கரையோரக் கிராமங்களிலும் பாடசாலைகளிலும் பிரசாரம் செய்தார். மருத்துவத் துறையிலிருந்தும் குரல் எழுந்தது. 1962 இல் அமெரிக்க மருத்துவர் கெம்ப்பும் அவரது சகாக்களும் அடிபட்ட பிள்ளையின் நோய்க்குறிகள் பற்றி எழுதிய கட்டுரை உலகெங்கும் மருத்துவர்களின் பார்வையை மாற்றியிருந்தது. இங்கு குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா அப்பார்வையை நம் வைத்தியசாலைகளுக்குக் கொணர்ந்தோருள் முதன்மையானவர். உடலில் உள்ள காயத்தைப் பார்த்து, அது எப்படி வந்தது என்று கேட்கும் வைத்தியர் தோன்றியபின்னரே ஆண் பிள்ளையின் துன்பத்துக்கு ஓர் ஆவணம் தோன்றியது எனலாம்.

1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் இம்முயற்சிகளின் விளைவாகும். சிறுவரைப் பாலியல் ரீதியிற் சுரண்டல் என்பது 360பி பிரிவின் கீழ்த் தனிக் குற்றமாயிற்று. “விபசாரம்” செய்தவன் அங்கு மறைந்து, சுரண்டியவன் முன்னுக்கு வந்தான். 365பி பிரிவு பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற புதிய குற்றத்தை உருவாக்கி, பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்று வினவாது விட்டது. பழைய 365 ஆம் பிரிவிலும், 18 வயதுக்கு மேற்பட்டவர் 16 வயதுக்கு உட்பட்டவர் மீது இழைக்கும் குற்றத்துக்கு 10 தொடக்கம் 20 ஆண்டுக் கடூழியச் சிறையும், தண்டமும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் விதிக்கப்பட்டன. இழப்பீடு என்ற அச்சொல்லிலேதான் 112 ஆண்டுகளுக்குப் பின் அப்பிரிவுக்குள் பாதிக்கப்பட்டவர் ஒருவர் நுழைந்தார்.

ஆயினும் திருத்தம் முழுமையானதன்று. 363 ஆம் பிரிவில் பெண்ணின் வயதெல்லை 12 இலிருந்து 16 ஆக உயர்ந்தபோதும், அப்பிரிவு பெண்ணுக்குரியதாகவே விடப்பட்டது. (இங்கிலாந்து இதற்கு ஓராண்டு முன்னர், 1994 இலேயே, ஆணும் வன்புணர்ச்சிக்கு உள்ளாகலாம் என ஏற்றது. அவர்களிடம் கடன்பெற்ற சட்டத்தை அவர்கள் மாற்றிய பின்னும் நாம் பேணிக் காத்தோம்.) 365ஏ பிரிவோ நீக்கப்படுவதற்குப் பதிலாக, “ஆண்” என்ற சொல் “ஆள்” என மாற்றப்பட்டுப் பெண்களுக்கும் விரிக்கப்பட்டது. சமத்துவம் என்பதை இப்படியும் விளங்கிக்கொள்ளலாம் போலும்.

1996 இல் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியின் தொடர்ச்சியாக, 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை நிறுவப்பட்டது. பேராசிரியர் டி சில்வாவே அதன் முதலாவது தலைவரானார். “சிறுவர் துஷ்பிரயோகம்” என்ற தொடர் இக்காலத்திலேதான் நமது செய்தித்தாள்களில் நிலைபெற்றது. வடமொழி வழிவந்த அச்சொல் அதிகாரத்துக்கும் பொது நிதிக்கும் வழங்குவது. பிள்ளையின் உடலுக்கு அது பொருந்துமா என்பது ஐயமே. எனினும் கற்பை அளக்காத சொல் என்ற ஒரு நன்மை அதற்கு உண்டு. ஆண் பிள்ளை அதனுள் அடங்க முடிந்தது.

இவ்விடத்தில் எனது கருத்து வேறுபாட்டையும் பதிய விரும்புகின்றேன். கடற்கரைப் பிரசாரம் விரைவாக வெற்றி பெற்றமைக்கு ஒரு காரணம், குற்றவாளி அந்நியனாக இருந்தமையாகும். தேசபக்தனுக்கும், மதவாதிக்கும், இடதுசாரிக்கும் அவரவர்க்கு வேண்டிய பகைவன் அங்கு கிடைத்தான். சமூகம் தன் முகத்தைப் பாராமலே கோபப்பட முடிந்தது. ஜேர்மனி 1993 இலும், அவுஸ்திரேலியா 1994 இலும் தம் குடிகள் வெளிநாட்டில் சிறுவருக்கு இழைக்கும் குற்றத்தைத் தம் நாட்டிலேயே தண்டிக்கச் சட்டம் இயற்றின. அவை நல்ல பயனளித்தவை. ஆனால் வைத்தியசாலைக்கு வந்த பிள்ளைகள் பெரும்பாலும் கூறியது உறவினர், அயலவர், ஆசிரியர், மூத்த மாணவர் ஆகியோரைப் பற்றியேயாகும். அந்நியரிடம் இனிப்பு வாங்காதே என்று கற்பித்த பிரசாரத்துக்கு, சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

இந்தியாவில் 2007 இல் மத்திய அரசின் பெண்கள், சிறுவர் மேம்பாட்டு அமைச்சு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு இதனைத் தொகையிலேயே காட்டிற்று. ஏதேனும் ஒருவகைப் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானதாகக் கூறியோர் 53.22 சதவீதம். அவ்வாறு கூறியோருள் 52.94 சதவீதத்தினர் ஆண் பிள்ளைகள். கேட்டபடியாற் சொன்னார்கள், அதற்கு முன்னர் பெரும்பாலோர் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அங்கு 2012 இல் நிறைவேறிய சிறுவர் பாலியற் குற்றத் தடுப்புச் சட்டம் ஆண் பெண் பேதமின்றி வரையப்பட்டமைக்கு இவ்வாய்வும் ஒரு தூண்டுகோல் எனலாம்.

நமது யுத்த காலமும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1997, 1998 ஆம் ஆண்டுகளில் இலண்டனில் சித்திரவதைக்குள்ளானோரைப் பராமரிக்கும் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட 184 தமிழ் ஆண்களுள் 38 பேர் தடுப்புக்காவலிற் பாலியல் வதைக்கு உள்ளானதாகக் கூறினர் என 2000 ஆம் ஆண்டில் லான்செற் மருத்துவ ஏட்டில் வெளிவந்த ஆய்வொன்று பதிந்தது. ஐந்தில் ஒருவர் என்க. அந்நிய நாட்டு வைத்தியரிடம், மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் முன்னிலையிற் சொல்லப்பட்டது, ஊரிலே தாயிடமும் மனைவியிடமும் சொல்லப்பட்டிராது. “அடிச்சவங்கள்” என்ற ஒரு சொல்லோடு ஊருக்குத் திரும்பியோர் எத்தனை பேர் என்பதை எந்த ஆவணக்காப்பகமும் நமக்குக் கூறப்போவதில்லை.

தடுப்பு என்பது சட்டப் புத்தகத்தில் மாத்திரம் நிகழ்வதன்று. பிள்ளை முதன்முறை வாய்திறக்கும்போது கேட்பவர் முகம் எப்படி மாறுகின்றது என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகின்றது. ஆண் பிள்ளைக்கு உடலுறுப்புகளின் பெயரை வசைச்சொல்லாக அன்றிச் சொல்லிக்கொடுத்த வீடுகள் நம்மிடையே குறைவு. பெயர் தெரியாத இடத்தில் நேர்ந்ததை அவன் எவ்வாறு சொல்வான்? அவன் “வயிற்று வலி” என்பான். வகுப்புக்குப் போகமாட்டேன் என்பான். குறித்த ஒருவர் வந்தால் வீட்டின் பின்புறம் செல்வான். இவற்றைக் குழப்படி என்று கணித்து அடித்த அனுபவம் பல வீடுகளுக்கு உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளில் இக்குறிகள் கற்பிக்கப்படுமாயின், அது பத்துச் சுவரொட்டிகளை ஒட்டுவதினும் பயன் தரும். அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் வகுப்பறைச் சுவரில் இருக்க வேண்டியதே. ஆனால் அதனை அழைக்கும் துணிவு, “ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது” என்று அதே வகுப்பறையிற் கற்பிக்கப்படும்வரை எங்கிருந்து வரும்?

1999 ஆம் ஆண்டில் சாட்சியச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றிற் சான்றாக முன்வைக்க அது வழி செய்தது. பல ஆண்டுகளாக, பல அந்நியர் முன்னிலையில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய தண்டனையிலிருந்து பிள்ளையை அது ஓரளவு விடுவிக்கின்றது. வரலாற்று மாணவனின் கண்கொண்டு பார்ப்பின், பாதிக்கப்பட்ட சிறுவன் தன் சொந்தக் குரலில், தன் சொந்தச் சொற்களில் ஆவணமாகும் சந்தர்ப்பம் அது. பொகவந்தலாவையிலிருந்தோ வாகரையிலிருந்தோ அழைத்துவரப்படும் ஒரு சிறுவன் அவ்வொளிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து பேசத் தொடங்கும்போது, எதிரே இருந்து கேட்பவர் அவனது தமிழை, அதுவும் அவனது ஊர்த் தமிழை, விளங்கிக்கொள்பவராக இருப்பாரா என்பதை நமது மொழித்துறை மாணவர்களும் சட்டத்துறை மாணவர்களும் ஒருங்கே சென்று கேட்டறியலாம்.